சர்க்கரை இல்லாதவருக்கு சர்க்கரை மாத்திரை

அன்புள்ள ஐயா,

எனக்கு 58 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் கொஞ்சம் உண்டு. என் மனைவி ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறாள். அந்த மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடும், குரங்குகளுக்குக் கொடுத்ததில் மூளை ஆறு வயது இளமையாகிவிட்டது என்று என்னோடு வாக்கிங் வரும் நண்பர் சொல்கிறார். அவருக்கும் சர்க்கரை கிடையாது, ஆனாலும் தினமும் ஒன்று போடுகிறார். நான் இந்த வருடம்தான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன், உடம்பில் அக்கறை வந்திருக்கிறது. நானும் 500 மில்லிகிராம் ஒன்று போட்டால் என்ன? வீட்டில்தான் இருக்கிறதே.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

‘வீட்டில்தான் இருக்கிறதே’ என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இருந்தது. அம்மாவின் மருந்தெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கிடக்கும். அதில் மெட்ஃபார்மின் அட்டையைப் பிரித்தால் லேசாகக் கருவாட்டு வாடை வரும். சுத்த சைவமான அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதை விழுங்குவாள். இளமைக்கான மருந்து என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் அந்த டின்னாலேயே அடித்திருப்பாள்.

குரங்குச் செய்தி பொய் இல்லை. 2024-இல் சீன அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் வயதான ஆண் குரங்குகளுக்கு 40 மாதம் தினமும் மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். செல்களில் தெரியும் மாற்றங்களை வைத்து மூளையின் வயதைக் கணக்கிட்டபோது சுமார் 6 வருடம் குறைவாக வந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஒரு கணக்கு. மருந்து சாப்பிட்ட குரங்குகள் மற்றவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தனவா என்பதை அதில் பார்க்கவில்லை.

இந்த மாத்திரைக்கு இப்படியொரு பெயர் வந்ததில் 2014-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. மெட்ஃபார்மின் எடுக்கும் சுமார் 78,000 சர்க்கரை நோயாளிகளை, சர்க்கரையே இல்லாத அதே அளவு பேரோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகள் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது? ஆனால் அதில் ஒரு சிக்கல். மெட்ஃபார்மின் போதாமல் சிகிச்சை மாறியவர்கள் அந்த இடத்திலேயே கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார்கள். அதாவது நோய் முற்றியவர்கள் பட்டியலிலிருந்து நழுவ, நன்றாக இருப்பவர்களே மிஞ்சுவார்கள். தேறாத பையன்களை ஒன்பதாம் வகுப்போடு டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுகிற பள்ளிகள் நமக்குத் தெரியாதா என்ன! 2022-இல் டென்மார்க் பதிவேடுகளை வைத்து இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அப்படி வெளியேற்றியும் பார்த்தார்கள், வெளியேற்றாமலும் பார்த்தார்கள். இரண்டிலும் சர்க்கரை இல்லாதவர்களைவிட மெட்ஃபார்மின் எடுத்தவர்களில்தான் இறப்பு அதிகம்.

சரி, எலி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் மெய்ன், மிச்சிகன், டெக்சாஸ் என்று மூன்று மாநில ஆய்வுக்கூடங்களில் ஒரே மருந்தை ஒரே நேரத்தில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஓர் இடத்தில் அதிர்ஷ்டவசமாக வந்த பலன் மற்ற இரண்டில் வராது, மாட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அங்கே ராபமைசின் என்ற மருந்து ஜெயித்தது. அதை இளம் எலிகளுக்குக் கொடுப்பதாகத்தான் திட்டம். தீவனத்தில் கலந்தால் மருந்து சிதைந்துபோனதால், அதற்கு உறை போடும் வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60. அந்த வயதில் ஆரம்பித்தும் ஆயுள் கூடியது. 2009-இல் அந்த முடிவு வெளிவந்தபோது இந்தத் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. (உடனே அதைத் தேடிப் போய்விடாதீர்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு உடலின் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கிற மருந்து அது.) அதே மூன்று கூடங்களில் மெட்ஃபார்மினை மட்டும் தனியாகக் கொடுத்தபோது, நம்பிச் சொல்லும்படியான பலன் எதுவும் வரவில்லை. 2013-இல் வேறொரு ஆய்வில் ஆண் எலிகளுக்கு ஐந்தாறு சதவீதம் ஆயுள் கூடியது உண்மைதான். அதே ஆய்வில் பத்து மடங்கு கொடுத்த எலிகள் சீக்கிரமே செத்தன.

ஜிம்மில் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான். 65 வயதைத் தாண்டிய, சர்க்கரை இல்லாதவர்களை 14 வாரம் எடை தூக்க வைத்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்குத்தான் தசை அதிகம் ஏறியது. காசு கட்டி டம்பெல் தூக்கி நீங்கள் சம்பாதிப்பதில் ஒரு பங்கை அந்த மாத்திரை எடுத்துக்கொள்ளும். வயதாக ஆக நம்மைக் கீழே விழாமல் தாங்குவது தொடைத் தசைதான். அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய சோதனை ஒன்றுக்குத் திட்டம் தயார். நிர் பார்சிலாய் என்ற நியூயார்க் மருத்துவர் பத்து வருடமாக அதற்காக அலைகிறார். 65-லிருந்து 79 வயது வரை, சர்க்கரை இல்லாத 3,000 பேர், ஆறு வருடம். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதி நோய் இவை வருவது தள்ளிப்போகிறதா என்று பார்ப்பார்கள். பணம் திரட்டுவதுதான் பாடு. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மாத்திரை. இரண்டு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் தயாரித்து விற்கலாம் என்னும்போது எந்தக் கம்பெனி கோடிக்கணக்கில் போடும்? புதுப்புது இளமை மருந்துகளுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி இங்கே வந்திருந்தால் உங்களுக்கு இந்நேரம் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். இப்போதைக்கு, வேண்டாம் என்பதே என் பதில். நண்பரையும் அவருடைய டாக்டரிடம் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் மனைவி விஷயம். அவர் மாத்திரையை நிறுத்தவே கூடாது, அவருக்கு அது தேவை. ஆனால் பல வருடம் எடுத்தால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம், அதனால் நரம்பு பாதிக்கப்படலாம். அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்து வந்தாள். சர்க்கரையால் வருவது என்று நாங்கள் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டோம். அப்புறம் ரத்தம் பார்த்தால் பி12 தரைமட்டம். உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.