ஒற்றை லாக்டேட் எண்ணை வைத்துக் குதிரையைக் கைவிட வேண்டாம்

கேள்வி: அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய எங்கள் ஆறு வயதுப் பெண் குதிரை முந்தாநாள் வயிற்றுவலியில் புரண்டது. ஊசிக்குப் பிறகு வலி தணிந்து, இப்போது புல் மேய்கிறது, லத்தியும் போடுகிறது. ஆனால் அன்று மாலை எடுத்து மறுநாள் காலை நகரத்து ஆய்வகத்தில் கொடுத்த ரத்தத்தில் லாக்டேட் 6.8 என்று வந்திருக்கிறது. குடல் அழுகிவிட்டது, இன்றே விற்றுவிடுங்கள் என்கிறார் தரகர். என்ன செய்வது?

பதில்: விற்க வேண்டாம். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது மிகுதியாக உண்டாகும் லாக்டேட், நலமான குதிரையின் ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும் என்பதும், குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைப்பட்டால் அது ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் ரத்தம் இரவு முழுவதும் குழாயில் கிடந்திருக்கிறது. வெளியே எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்காத ரத்தத்தைச் சில நிமிடங்களுக்குள் சோதித்தாக வேண்டும். அதே அறிக்கையில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தால், கோளாறு குழாயில் நடந்தது என்று சந்தேகிக்கலாம். சர்க்கரைமானி அளவே உள்ள லாக்டேட்மானி ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது; ஒரு கைக்கருவிக்கு இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருத்துவரை அழைத்து இன்றே மீண்டும் சோதியுங்கள்; சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதே செய்தி. கூடவே ரத்தச் செறிவையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ரத்தப் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒரு விலக்கை மறக்கக் கூடாது. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களின் பெரிய சேமிப்புக் கிடங்கு. வண்டியில் ஏற்றும்போதோ, அந்நியர் நெருங்கும்போதோ, ஊசியைக் கண்டோ குதிரை மிரண்டால், மண்ணீரல் சுருங்கி அணுக்களை ஓட்டத்தில் கொட்டிவிடும். 32 முதல் 45 விழுக்காடு வரை இருக்க வேண்டிய செறிவு அப்போது 50-ஐத் தாண்டலாம். அதைப் பார்த்து நீர்ச்சத்து வற்றிவிட்டது என்று அலறுவோர் பலர். புரதமும் சேர்ந்து ஏறியிருந்தால்தான் வறட்சி என்று கொள்ளலாம். செறிவு மட்டும் ஏறியிருந்தால், குதிரையை அமைதிப்படுத்தி, காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

அழற்சியை அறிய சீரம் அமைலாய்டு ஏ என்ற ரத்தப் புரதத்தைப் பார்த்தால் போதும். அரை நாளுக்குள் ஏறத் தொடங்கும். ஃபைப்ரினோஜன் என்ற இன்னொரு புரதம் ஏற ஓரிரு நாளாகும். தரகுக்காக மனிதருக்கான முழுப் பரிசோதனைத் தொகுப்பைத் தலையில் கட்டுவோரிடம் பணத்தை இழக்காதீர்கள். அந்த வரம்புகள் குதிரைக்குப் பொருந்தா. நோயுற்ற குதிரையின் உரிமையாளரை ஓர் எண்ணைக் காட்டி அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்குப் பேசும் தரகரிடம் இனி அறிக்கையையே காட்ட வேண்டாம்.

ஊசி வலியை மறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். அது 60-ஐத் தாண்டினாலோ, ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலோ, லத்தி நின்றாலோ, எந்த அறிக்கைக்கும் காத்திராமல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது, எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் உங்கள் கண்முன் எழுதச் சொல்லுங்கள்.