டிரெட்மில் ஓடவில்லை, சேஃப்டி கீ ஒயரை முறுக்கிவிடலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. மாரடைப்பு வந்து தேறியவர். மருத்துவர் சொன்னபடி தினமும் வீட்டு டிரெட்மில்லில் அரை மணி நேரம் நடப்பார். போன மாதம் வீடு மாறினோம். புது வீட்டில் பூட்டி வைத்த நாளிலிருந்து மெஷின் ஓடவே மாட்டேன் என்கிறது. டிஸ்ப்ளே எரிகிறது, பீப் என்று கத்துகிறது, ‘ஈ 07’ என்று காட்டுகிறது. சேஃப்டி கீ (கயிற்றால் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கீ) அதன் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மெக்கானிக், போர்டு போய்விட்டது, 7,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர், கீக்குப் போகும் ஒயரை வெட்டி நேரடியாக முறுக்கிவிட்டால் செலவில்லாமல் ஓடும் என்கிறார். எதைச் செய்வது?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. ஒயரை முறுக்குவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மாமனாருக்காகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிஸ்ப்ளே எரிகிறது என்ற ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிட்டது. டிஸ்ப்ளே இருட்டாக இருந்தால் கரண்ட் வரும் வழியைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்: பிளக், மெஷினின் முன்பக்கம் கீழே இருக்கும் மெயின் சுவிட்ச், பக்கத்தில் இருக்கும் ரீசெட் பட்டன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு பெல்ட் நகராமல் நின்றால் மோட்டாரையும் அதன் கன்ட்ரோல் போர்டையும் சந்தேகப்படலாம். உங்களுடையது எண்ணவே தொடங்கவில்லை. பல வீட்டு மெஷின்களில் ஈ 07 என்றால், கீ இருப்பது எனக்குத் தெரியவில்லை என்று பொருள். எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் வெறும் கோடுகள் மட்டும் வரும். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்புக் கீ பூட்டுச் சாவி மாதிரி வேலை செய்வதில்லை. அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது. கீ உட்காரும் குழிக்கு நேர் பின்னால், கன்சோலுக்குள் (டிஸ்ப்ளேயும் பட்டன்களும் இருக்கும் மேல்பகுதி), ரீட் சுவிட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நூலிழை இடைவெளியில். காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஓட அனுமதி கிடைக்கும். கீ விலகினால் தகடுகள் பிரியும், பெல்ட் நிற்கும். ஆக, கோளாறு இருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் மூன்றுதான்: காந்தம், சுவிட்ச், அங்கிருந்து போகும் ஒயர்.

காந்தத்திலிருந்து தொடங்குங்கள். கீயை இரும்பு பீரோவில் வைத்துப் பாருங்கள். கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் காந்தத்தில் விரிசல் விழுந்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று பெட்டி எதிலாவது கிடக்கலாம். வீடு மாற்றும்போது கீயைத் தனியாகக் கழற்றிப் பையில் போடுவோம். கீழே விழும், சாமான் மேலே ஏறும். சில கீகளில் இரண்டு காந்தங்கள் இருக்கும். ஒன்று விழுந்துவிட்டாலும் பார்ப்பதற்குக் கீ முழுசாகவே தெரியும், அதனால் திருப்பி அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். கீ உட்காரும் குழியையும் துடையுங்கள். அங்கே ஒரு ஊக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலே கீ சரியாகப் படியாது.

அடுத்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து அந்தக் குழியில் வையுங்கள். பெல்ட் மேல் யாரும் நிற்கக் கூடாது. பீப் சத்தம் கேட்டு எழுத்து மறைகிறதா? மறையாவிட்டால் காந்தத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். ரீட் சுவிட்சுக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. ஆனால் சில மெஷின்களில் ரீட் சுவிட்சுக்குப் பதில் ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சின்ன எலக்ட்ரானிக் பாகம்) இருக்கும், அதற்குக் காந்தத்தின் முனை மாறினால் வேலை நடக்காது. பிறகு மெதுவாக நகர்த்துங்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இப்படி அப்படி. ஏதோ ஒரு இடத்தில் மட்டும் எழுத்து மறைகிறது என்றால், உள்ளே பசை விட்டு சென்சார் இடம் நகர்ந்திருக்கிறது. எங்கே வைத்தாலும் மறைகிறது, பழைய கீக்கு மட்டும் மறையவில்லை என்றால் புதுக் கீ வாங்கினால் போதும். மெயின் சுவிட்சுக்கு அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். ஃபிரிட்ஜ் காந்தத்தை அப்படியே விட்டுவிட்டு மாமனாரை நடக்க விடாதீர்கள்.

காந்தம் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லையா? வீடு மாறிய மெஷின் என்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது கம்பத்துக்குள் ஓடும் ஒயரைத்தான். கன்சோலிலிருந்து இறங்கும் ஒயர் பக்கவாட்டுக் கம்பம் ஒன்றுக்குள் போய், அடிச்சட்டத்துக்கு அருகே ஒரு கனெக்டரில் சேரும். கம்பத்தை நிறுத்திப் போல்ட் முடுக்கும்போது ஒயர் இடுக்கில் மாட்டி நசுங்குவதை 20 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றி (ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்), உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, ‘டிக்’ என்று உட்காரும்வரை திரும்பச் சொருகுங்கள். தோல் தட்டையாகியிருக்கிறதா என்று ஒயர் நெடுகப் பாருங்கள். மோட்டார் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அங்கிருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதற்கு மேல் கன்சோலைத் திறக்க வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. சென்சாரிலிருந்து வரும் ஒயர் இரண்டா மூன்றா என்று கேளுங்கள். இரண்டு என்றால் ரீட் சுவிட்ச். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்துப் பார்த்தால், காந்தம் வைக்கும்போது மீட்டர் கத்த வேண்டும், எடுத்தால் அடங்க வேண்டும். கத்தவே இல்லையென்றால் கண்ணாடிக் குழாய் உடைந்திருக்கும். அதன் விலை சில பத்து ரூபாய்தான். மூன்று ஒயர் இருந்தால் ஹால் சென்சார். இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது, சென்சாரையே மாற்றிப் பார்க்க வேண்டும்.

இனி அந்த முறுக்கும் யோசனை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் பின்னால் ஓடுகிறது. வீட்டு மெஷினில் நடக்கும் பரப்பு பெரும்பாலும் 1.2 மீட்டர் நீளம்தான். கால் இடறிய ஒருவரை ஒரு விநாடிக்குள் அது பின்னால் தள்ளிவிடும். 71 வயதில், இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவருக்குத் தலைசுற்றினால், ஸ்டாப் பட்டனைத் தேடிக் கை போகாது. சட்டையில் மாட்டிய கயிறுதான் கீயைப் பிடுங்கி பெல்ட்டை நிறுத்தும். ஒயரை முறுக்கிவிட்டால் கீ பிடுங்கினாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே, வீட்டில் குழந்தைகள் இருந்தால் கீயை எடுத்து உயரத்தில் வைத்து மெஷினைப் பூட்டும் வழியும் போய்விடும். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் மெஷின்கள் சுமார் 1,25,000 ஐத் திரும்பப் பெற்றது. பின்பக்கம் பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது, இன்னும் பல குழந்தைகள் காயப்பட்டிருந்தார்கள். கயிறும் தொங்கக் கூடாது: 2009 இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் 4 வயது மகள், டிரெட்மில்லில் தொங்கிய கயிற்றில் கழுத்து சிக்கி இறந்துபோனாள். நடந்து முடித்ததும் கயிற்றோடு கீயைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

மெஷின் சரியான பிறகு ஒரு வேலை இருக்கிறது. பெல்ட் நின்றிருக்கும்போது மாமனாரை அதன் மேல் நிற்கச் சொல்லி, கிளிப்பைச் சட்டையின் இடுப்புப் பகுதியில் மாட்டி, மெதுவாகப் பின்னால் வரச் சொல்லுங்கள். பின் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே கீ கழன்று வர வேண்டும். வராவிட்டால் கயிறு நீளம், முடிச்சுப் போட்டுக் குறையுங்கள். தோளில் போட்ட துண்டில் மாட்டினால் துண்டுதான் வரும், கீ வராது. நீங்கள் நடக்கும்போதும் துப்பட்டாவில் மாட்டாதீர்கள். பிறகு 1 கிலோமீட்டர் வேகத்தில், ஆள் ஏறாமல், பெல்ட்டை ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பெல்ட் நின்றால்தான் அவர் ஏறலாம்.

போர்டு போய்விட்டது என்று சொன்னவர் திரும்ப வந்தால், காந்தம், கனெக்டர், சென்சார் மூன்றையும் உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் எழுத்து மறையவில்லையென்றால் கன்சோல் போர்டுக்குப் பணம் கொடுக்கலாம்.