தமிழில் தொகுப்பாக வந்த காமிக்ஸில் எதை முதலில் வாங்குவது?

"பள்ளிக்கூட நாளில் லயன், முத்து காமிக்ஸ் படித்தவன். இருபது வருஷமாக விட்டுப்போச்சு. இப்போது தொகுப்பாக வரும் குண்டு புத்தகங்களில் எதை முதலில் வாங்கலாம்? மகளும் சேர்ந்து படிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குண்டு புக்கை முதலில் வாங்காதீர்கள். நிச்சயம் வாங்க வேண்டும், ஆனால் முதலில் வேண்டாம். எனக்கு முன்னால் பதில் எழுதிய நாலு பேரும் "இரத்தப் படலம் முழுத் தொகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தப் படலம் என்பது 'XIII' என்ற பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ் தொடரின் தமிழ்ப் பெயர். அவர்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கதை எனக்கு எவ்வளவு உயிர் என்பது கீழே படித்தால் தெரியும். ஆனால் அதே புத்தகத்தை அதே மாதிரி ஒருவர் கையில் திணித்து, அவரைக் காமிக்ஸ் பக்கமே வராமல் செய்யப் பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராஜபாளையம் பக்கம். அண்ணன் ஒன்பதாவது, நான் ஆறாவது. அண்ணன் பஸ் காசை மிச்சம் பிடித்து, பள்ளிக்கு நடந்தே போய் புத்தகம் வாங்குவான். வீட்டில் சட்டம் இதுதான்: முதலில் அண்ணன் படிப்பான், பிறகு நான். ஓரத்தை மடக்கக் கூடாது, சாப்பிடும்போது தொடக் கூடாது. அப்படித்தான் இரத்தப் படலத்தின் முதல் பாகம் எங்களிடம் வந்தது. தலையில் குண்டடி பட்ட ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். கழுத்துக்குக் கீழே XIII என்று பச்சை குத்தியிருக்கிறது. பெயர், ஊர், எதுவும் அவனுக்கு நினைவில்லை. காப்பாற்றிய கிழவனும் கிழவியும் இறந்துபோன தங்கள் மகனின் பெயரையே, ஆலன் என்று, அவனுக்கு வைக்கிறார்கள். அந்த இருவருக்கும் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருந்தால் உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அண்ணன் புத்தகத்தை என்னிடம் கொடுக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தான். ஏன் என்று மறுநாள் நான் படித்தபோது புரிந்தது.

அப்புறம் அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருந்ததுதான். சில பாகம் கிடைத்தது, சில பாகம் எங்கள் ஊர்க் கடைக்கு வரவே இல்லை. அண்ணன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். புத்தகங்கள் பழைய பேப்பர்காரரிடம் போன கதை எல்லார் வீட்டிலும் உண்டு, அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

2010-ல் இரத்தப் படலம் 18 பாகங்களும் ஒரே புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல். மல்லாந்து படுத்து நெஞ்சில் வைத்துப் படித்தால் மூச்சு முட்டும், மேஜையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒன்பது இரவில் முடித்தேன். ஆறாவது படிக்கும்போது தொடங்கிய கதை. அந்தப் பதின்மூன்றாமவன் யார் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு கடன் அடைந்த மாதிரி இருந்தது.

அண்ணனுக்கு இன்னொரு பிரதி வாங்கித் திருப்பூருக்கு அனுப்பினேன். ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து முடித்துவிட்டுப் போன் செய்வான் என்று நினைத்தேன். போன் வரவில்லை. பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். புத்தகம் டிவிக்குக் கீழே, கரண்ட் பில் அட்டைக்கு அடியில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக வைத்திருந்தான், இரண்டாம் பாகத்தின் நடுவில்.

"அதுக்கு மேல ஓடல பாப்பா. யாரு செத்தா, யாரு இருக்கான்னே பிடிபடல. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து அந்தக் கனத்தைத் தூக்கவே முடியல" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மதினி முன்னாலேயே, "நீ மாறிப்போய்ட்ட, உனக்கு இப்ப காசு பணம் தவிர ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனான். நான் அன்று பேசியது தப்பு. நாலைந்து மாதம் எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தவறு அவனிடம் இல்லை, நான் கொடுத்த முறையில் இருந்தது. அந்தக் கதையை எழுதிய ழான் வான் ஹாம், வில்லியம் வான்ஸின் படங்களோடு 1984-ல் தொடங்கி 2007-ல்தான் முடித்தார். பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஏறக்குறைய வருஷத்துக்கு ஓர் ஆல்பம், அதாவது ஒரு பாகம், நாற்பத்தைந்து பக்கத்துக்குப் பக்கம். ஒரு ஆல்பத்தில் வந்த முகத்தை ஒரு வருஷம் மனசில் ஊறவைத்துத்தான் அடுத்ததைத் திறப்பார்கள். நாயகனின் பெயர் மட்டும் எத்தனை தடவை மாறுகிறது பாருங்கள்: ஆலன் ஸ்மித், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டான்னர், ஜேசன் ஃப்ளை, கெல்லி பிரையன், ஜேசன் மக்லேன். இவ்வளவையும் ஒரே அட்டைக்குள் வைத்து, இருபது வருஷம் காமிக்ஸைத் தொடாத ஒருவரிடம் கொடுத்தால், அவர் கண் படத்தையும் பேச்சு எழுதிய பலூனையும் சேர்த்து ஓடப் பழகுவதற்குள் கதை அவரை விட்டுவிட்டுப் போய்விடும். காமிக்ஸ் படிப்பதும் ஒரு பழக்கம்தான். விட்டுப்போனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப வரும். நாவல் படிப்பவர்கள்கூட, எழுத்தை மட்டும் ஓட்டிவிட்டுப் படத்தைப் பார்க்காமல் பக்கம் திருப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன வாங்கலாம்?

முதலில் ஒரு லக்கி லூக், சிரிப்புக் கௌபாய் கதை. இது மாரிஸ் 1946-ல் உருவாக்கிய பாத்திரம். 1955 முதல் 1977-ல் இறக்கும் வரை கோசினி எழுதிய கதைகள்தான் இதில் உச்சம். ஒரு புத்தகம், ஒரு கதை, முடிந்தது. முந்தினது பிந்தினது எதுவும் தெரிய வேண்டியதில்லை. கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் நிற்கும்போதே உங்கள் மகள் சிரித்துவிடுவாள். லக்கி லூக் வாயில் முன்பு சிகரெட் இருக்கும். 1983-ல் மாரிஸே அதை எடுத்துவிட்டுப் புல் ஒன்றை வைத்தார், ஆனால் கோசினி கதைகள் அதற்கு முந்தையவை, அவற்றில் சிகரெட் இருக்கலாம்.

அதற்கடுத்து லார்கோ வின்ச், ஒரு பெரும் வணிகக் குழுமத்துக்கு வாரிசான இளைஞனின் கதை. இதுவும் வான் ஹாம் எழுதியதுதான், படம் பிலிப் ஃப்ராங். இதன் அமைப்பே இரண்டு ஆல்பத்துக்கு ஒரு கதை. தமிழில் இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொடுத்தார்கள். தொண்ணூறு சொச்சம் பக்கத்தில் ஒரு முழுக்கதை. தொகுப்பு படிக்கப் பழக இதைவிடச் சரியான அளவு கிடையாது. இது பெரியவர்களுக்கான கதை, மகளுக்கு இப்போது வேண்டாம்.

மூன்றாவது டெக்ஸ் வில்லர், டெக்சாஸ் ரேஞ்சர் ஒருவரின் கௌபாய் கதை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெக்ஸ் புத்தகம் தடிமனாக இருந்தாலும் பயப்படாதீர்கள். 1948-ல் பொனெல்லியும் கலெப்பினியும் தொடங்கிய இந்தத் தொடர் இத்தாலியில் மாதாமாதம் நூறு பக்கம் சொச்சமாக வருவது. ஒரு கதை இரண்டு மூன்று மாத இதழ்களில் நீளும். தமிழில் அந்த இதழ்களை ஒட்டி ஒரே புத்தகமாகப் போடும்போது முந்நூறு பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் அது ஒரே கதை, நேராக ஓடும் கதை. இரவுக் கழுகு என்று பெயர் வாங்கிய டெக்ஸும் அவர் தோழர் வெள்ளிமுடியார் கார்சனும் குதிரையில் ஏறினால் நீங்கள் பின்னாலேயே போக வேண்டியதுதான். கறுப்பு வெள்ளைக்கென்றே வரையப்பட்ட படங்கள் என்பதால் வண்ணம் இல்லையே என்ற குறையும் தோன்றாது. "டெக்ஸ் கதை எல்லாம் ஒரே மாதிரி" என்று யாராவது வந்து எழுதுவார்கள். இருக்கட்டும். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவருக்கு அந்த உறுதி வேண்டியிருக்கிறது. நல்லவன் ஜெயிப்பான் என்று தெரிந்தே படிப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பைப் பார்த்ததும் உங்கள் கை தானாகப் போகும், எனக்குத் தெரியும். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியோடுதான். வாங்குங்கள், ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அது பிரிட்டனில் 'வேலியண்ட்' வார இதழில் வாரம் சில பக்கங்களாக வந்த தொடர். சில பக்கத்துக்கு ஒரு தடவை ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தொடர்ந்து படித்தால் அலுப்புத் தட்டும், "சின்ன வயசில் பிடித்தது இதுவா" என்று மனசு விட்டுப்போகும். ராத்திரிக்குப் பத்துப் பக்கம் போதும். ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகை வேலையைப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்த பிறகு அந்தக் கை மட்டும் இருட்டில் நீளும் இடங்களில், அந்தக் காலத்தில் நாம் பார்க்காமல் விட்ட நிழல் எவ்வளவோ இருக்கிறது.

இவையெல்லாம் முடித்தபிறகு இரத்தப் படலம். பிற்பாடு வண்ணத்திலும் வந்துவிட்டது. கேப்டன் டைகர் என்ற கௌபாய் நாயகனின் 'மின்னும் மரணம்' தொகுப்பையும் அதற்குப் பிறகு எடுங்கள். ஒரு சின்னத் தகவல்: இரத்தப் படலத்தில் 2007-ல் வந்த ஐரிஷ் அத்தியாயத்தை வரைந்தவர் வான்ஸ் இல்லை, கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தக் கையெழுத்து உங்களுக்கே பிடிபடும். 2011 முதல் வேறு கதாசிரியர், வேறு ஓவியரோடு XIII தொடர்கிறது. முதல் சுற்றில் அதைத் தொடாதீர்கள், வான் ஹாம் முடித்த இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது நான் சொல்லப்போவது நீங்கள் கேட்டதில் இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்தப் புத்தகங்களை எங்கே வைப்பது? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். கடந்த பதினைந்து வருஷத்தில் நான்கு வீடு மாறியிருக்கிறேன். நான்கு வீட்டிலும் பூஜை அறை உண்டு, டிவிக்கு ஷோகேஸ் உண்டு, செருப்புக்குக்கூட ஸ்டாண்டு உண்டு. புத்தகத்துக்கு ஒரு சாண் பலகை கிடையாது. சரி, நாமே ஒரு பலகை அடித்துக்கொள்ளலாம் என்றால் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டில் மூன்று ஆணிக்கு அட்வான்ஸில் ஆயிரத்து ஐநூறு பிடித்தார்கள். காலண்டர் மாட்ட அடித்த ஆணி அது. வாடகை, தண்ணீர் காசு, பெயின்ட் காசு எல்லாம் வாங்கிக்கொண்டு, சுவரை மட்டும் தொடக் கூடாது என்றால் அந்த வீட்டில் மனுஷன் எப்படிக் குடியிருப்பது? என் புத்தகங்கள் இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன. மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து ஃபேன் காற்றில் விரித்து வைக்கிறேன்.

இன்னொன்று. "காமிக்ஸ் எல்லாம் ஆண் பிள்ளைகள் படிப்பது" என்று உங்கள் மகளிடம் யாரும் சொல்ல விடாதீர்கள். புத்தகக் கண்காட்சியில் நான் டெக்ஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் நின்றவர், "பையனுக்கா மேடம்? என்ன வயசு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதன் பிறகும் நம்பாமல், கறுப்பு வெள்ளை குழந்தைக்குப் பிடிக்காது என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் அவன் மகளுக்கு ஒரு லக்கி லூக் வாங்கிக்கொண்டு போனேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பலூனாகச் சத்தம் போட்டு வாசித்தாள். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் தூங்கப் போனதும் புத்தகத்தைக் கையில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தான். ஊருக்குக் கிளம்பும்போது, "அத்தை, இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க, அப்பாவும் கேட்டாங்க" என்றாள் அவள்.

பிறகு லார்கோ, பிறகு டெக்ஸ். இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "பாப்பா, நடுவுல பேரு மாறுதே, ராஸ் டான்னர்ங்கறதும் இவன்தானா?" என்றான். டிவிக்கு அடியிலிருந்து தானே எடுத்திருக்கிறான். ஆமாண்ணே, எழுதி வைத்துக்கொண்டே படி என்றேன்.

போன வருஷம் அந்தப் பிரதியை அவன் வீட்டில் பார்த்தேன். உள்ளே பனியன் கம்பெனியின் பீஸ் கணக்குத் தாள் ஒன்று நான்காக மடித்து வைத்திருந்தது. 80, 85, 90, 95 என்று சைஸ் போட்ட கட்டங்களுக்கு நேராக, பீஸ் எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஆலன் ஸ்மித்தில் தொடங்கி வரிசையாகப் பெயர்களும் பக்க எண்களும். கிழவன் கிழவி பெயர்களை மட்டும் தனியாக மேலே எழுதி அடிக்கோடு இட்டிருந்தான்.

உங்கள் மகளுக்கு என்ன வயது என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ் தானாக வாசிப்பாளா, வாசித்துக் காட்ட வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். எந்த லக்கி லூக் என்று பார்த்துச் சொல்கிறேன்.