சனிக்கிழமை மட்டும் இரண்டு தூக்கு

கேள்வி: எனக்கு வயது 39. தூத்துக்குடி பக்கம் ஒரு ஊர். மூன்று வருஷத்துக்கு முன் என் கணவரின் பாத்திரக்கடையை மூடினோம். கடை ஓடிய காலத்திலேயே வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அவர் இப்போது ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் வட்டிக்கும் வாடகைக்குமே போய்விடுகிறது. வாரம் இரண்டு நாள் சீலா மீன் வாங்கிய வீடு இது. கடையை மூடின நாளிலிருந்து, பக்கத்து ஊரில் இருக்கும் மாமியார் தினமும் காலை பஸ்ஸில் வந்து மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதால் வரமாட்டார்; சனிக்கிழமை மட்டும் இரண்டு தூக்கு, ஒன்றில் மறுநாளைக்கு என்று புளிக்குழம்பு. மற்ற நாளெல்லாம் அதே பருப்பு, அதே கீரை. சின்னவள் "இன்னைக்கும் இதானா" என்று முகம் சுளிக்கிறாள். ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் அந்த வருஷத்துக்கான தேவனுடைய வாக்கு என்று ஒரு வாக்குத்தத்த வசனம் எடுக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அக்காவிடம் போனில் அழுதால்தான் தூக்கமே வருகிறது. தேவன் என்னை மறந்துவிட்டார். இனி அவரை எப்படி நம்புவது?

பதில்: சகோதரி, ஏற்ற வேளையில் கதவு திறக்கும், பொறுமையாக இருங்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். கதவு எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் சபையில் தெரியும் என்று சொல்பவர்களுக்கும் தெரியாது. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஊரும் கடன்தொகையும்தான் மாறும். உங்கள் கடிதத்தில் மற்றதில் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு தூக்கு.

முதலில் ஒரு கணக்கு. வருஷத்தில் ஞாயிறு போக 313 நாள். மூன்று வருஷத்துக்கு 939. காய்ச்சல், மழை, கல்யாண வீடு என்று தாராளமாகக் கழித்தாலும் 900 காலை. அத்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு 39 என்றால் அவருக்கு அறுபதுக்குக் குறையாது. காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் அவர் வீட்டில் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றும்? யோசித்திருக்கிறீர்களா? சம்பளம் வட்டிக்கும் வாடகைக்குமே போய்விடுகிறது என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் போடத் தோன்றவில்லை?

நீங்கள் வேதம் வாசிக்கிறவர். யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேல் ஜனங்களுக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற ஆகாரம் வானத்திலிருந்து தினமும் விழுந்தது, தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. மிச்சம் பிடித்து வைத்தவர்களுக்கு மறுநாள் பூச்சிபிடித்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு. அன்றைக்குச் சேர்த்தது மட்டும், மன்னா விழாத ஏழாம் நாளான ஓய்வுநாள் வரைக்கும் கெடவில்லை. இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே எடுத்து வாசியுங்கள். சனிக்கிழமை இரண்டு தூக்கு. மறுநாளைக்குக் கெடாமல் இருக்கப் புளிக்குழம்பு. அத்தை இதை யோசித்துச் செய்கிறாரோ என்னவோ, அவருக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்பது மட்டுமாக இருக்கலாம். ஆனால் தேவன் மறந்துவிட்டார் என்று எழுதின அதே கையால் இதையும் எழுதியிருக்கிறீர்களே, அம்மா!

அதே பருப்பு, அதே கீரை என்ற வார்த்தையும் புதிதல்ல. எண்ணாகமம் 11-ல் ஜனங்கள் அதைத்தான் அழுதார்கள். எகிப்தில் காசு கொடுக்காமல் தின்ற மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாம் நினைவுக்கு வந்ததாம். காசு கொடுக்காமல்! பிறக்கிற ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன தேசம் அது. அந்த நதியின் மீன் இனித்தது, மன்னா சலித்துப்போனது. உங்கள் சீலா மீனையும் கொஞ்சம் கிளறுவோம். கடை ஓடின காலத்திலேயே வாங்கிய கடன் என்கிறீர்கள். அப்படியானால் அந்த மீனில் பாதிக்கு இன்றைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பருப்புக்கும் கீரைக்கும் யாரும் உங்களிடம் வட்டி கேட்கவில்லை.

அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே 11-ம் அதிகாரத்தில் மோசேயும் புலம்புகிறார், ஜனங்களைவிடக் கடுமையாகவே. இவர்களையெல்லாம் நானா பெற்றேன், பால்குடிக்கிற பிள்ளையைப்போல நான் ஏன் சுமக்க வேண்டும், இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிறார். நேருக்கு நேர். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பரைக் கொடுத்தார். ஜனங்களுக்கும் கேட்ட இறைச்சி வந்தது. வாயில் இருக்கும்போதே வாதையும் வந்தது. ஒரே அதிகாரம், இரண்டு புலம்பல். மோசே யாரிடம் பேசவேண்டுமோ அவரிடம் பேசினார். ஜனங்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுதார்கள். உபாகமம் முதல் அதிகாரத்தில் வேறொரு சமயத்தைப் பற்றியும் இதே மாதிரி வரும்: உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தீர்கள், கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்றீர்கள்.

உங்கள் கூடாரம் ராத்திரி அக்காவோடு பேசுகிற போன். வாடகை வீட்டில் எவ்வளவு ரகசியமாகப் பேசினாலும் பிள்ளைகள் காதில் விழும். "இன்னைக்கும் இதானா" என்று சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பாட்டி கையால் சோறு தின்கிற பிள்ளை பாட்டி சோற்றைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் கடனைவிடப் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். பழைய காலத்து மனுஷி என்று நினைத்தாலும் சரி. கடன் என்றைக்காவது அடையும். அந்த முகச்சுளிப்பு நாளைக்கு உங்கள் பக்கம் திரும்பும், நீங்கள் தூக்கோடு யார் வாசலிலாவது நிற்கிற வயதில்.

என் அப்பா ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போடுவார், சத்தமாகவே. சின்ன வயதில் எங்களுக்குப் பயமாக இருக்கும். சங்கீதம் 13-ல் தாவீது எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்கிறாரே, அந்தச் சுருதி. ஆனால் விடிந்தபின் அவர் வாயிலிருந்து அக்கம்பக்கத்தில் ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. நம்பிக்கை என்றால் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். உங்கள் உபவாச நாளில் ஒரு மணி நேரம் அப்படிச் சண்டை போட்டுப் பாருங்கள். அக்காவிடம் சொல்கிற அத்தனையும், வசனம் பொய்த்தது என்பதையும் சேர்த்து, அவரிடமே சொல்லுங்கள். அக்காவிடம் அக்கா வீட்டு விசேஷம் பேசுங்கள்.

கடன் விஷயம் சுருக்கமாக. வட்டி அநியாயமாக இருந்தால், மிரட்டலும் இருந்தால், 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் உங்கள் கணவர் மனு கொடுக்கலாம். இதுவரை கட்டினதற்கு ரசீதோ எழுத்தோ இருக்கிறதா என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். இதற்கும் உபவாசம் இருந்து வழிநடத்துதல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் வருகிற சனிக்கிழமை. அத்தை உங்கள் வீடு வரைக்கும் நடந்து வரட்டும் என்று காத்திருக்காமல், சின்னவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள். இரண்டு தூக்கையும் அவர் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து ஒரு காபி போட்டுக் கொடுங்கள். மூன்று வருஷத்தில் அவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கொடுத்துவிட்டுப் போகிறார் என்றுதான் இருக்கிறது. போகும்போது கழுவின தூக்கை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். நாலு முட்டை போடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு பாக்கெட் உப்பு. தூத்துக்குடிக்காரிக்கு உப்புக்கா பஞ்சம்?