வாரம் 14 பவுண்டுக்கு ஆடிய மேதை: டாம் ஃபின்னி பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கடந்த முறை கால்பந்தின் பழைய விங்கர்களைப் பற்றி, அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதியதில், இங்கிலாந்தின் டாம் ஃபின்னியின் பெயர் ஒரே வரியில் வந்துபோனது. பலருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

ஃபின்னியை 'பிரெஸ்டன் பிளம்பர்' என்கிறார்களே, பட்டப்பெயரா?

தொழிலே அதுதான். 1922இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் பிறந்தவர். ஊர் கிளப்பான பிரெஸ்டன் நார்த் எண்ட் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, "முதலில் கைத்தொழிலைக் கற்று முடி" என்று அப்பா நிறுத்திவிட்டார். பந்து சோறு போடும் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை. பிற்பாடு இங்கிலாந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோதும் சொந்தமாகப் பிளம்பிங் தொழில் நடத்தினார்.

இடதுகால்காரர் ரைட் விங்கில் (வலது ஓரத்தில்) எப்படி ஆடினார்?

பிறவியிலேயே இடதுகால்காரர். வலது காலைப் பயிற்சியால் பழக்கிக்கொண்டார். அதன் பலன், ஓரத்தில் நின்று அவரைத் தடுக்க வேண்டிய எதிரணியின் ஃபுல்பேக்குக்குத்தான் தெரியும். சாதாரண ரைட் விங்கர் கோட்டோரமாக ஓடி, கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கி அனுப்பும் கிராஸ் அடிப்பார் என்று எதிர்பார்த்து வெளிப்பக்கத்தை அடைத்து நிற்கலாம். ஃபின்னியிடம் அது செல்லாது. வெளியே போனால் வலது கால், உள்ளே திரும்பினால் இடது கால். லெஃப்ட் விங், நடுவில் கோல் போடும் சென்டர் ஃபார்வர்டு என்று எங்கே நிறுத்தினாலும் ஆடினார். லீகில் 433 ஆட்டங்களில் 187 கோல். விங்கருக்கு இது அசாத்தியமான கணக்கு.

ஸ்டான்லி மேத்யூஸா, ஃபின்னியா?

மேத்யூஸ் அதே காலத்து இங்கிலாந்து விங்கர். இங்கிலாந்தே இரண்டுபட்டு விவாதித்த கேள்வி. இருவருக்கும் இடம் ரைட் விங். 1947இல் லிஸ்பனில் போர்ச்சுகலுக்கு எதிராக மேத்யூஸை வலப்பக்கமும் ஃபின்னியை இடப்பக்கமும் இறக்கினார்கள். முடிவு 10-0, இருவருமே கோல் போட்டார்கள். பந்தைக் காலில் வைத்து எதிராளியை ஏய்த்து ஓடும் டிரிப்ளிங் மட்டும் என்றால் என் ஓட்டு மேத்யூஸுக்கு. ஆனால் 76 சர்வதேச ஆட்டங்களில் 30 கோல் போட்ட, தலையாலும் இரு கால்களாலும் ஆடிய முழுமையான ஆட்டக்காரர் வேண்டுமென்றால் தயங்காமல் ஃபின்னி என்பேன்.

1952இல் இத்தாலி கிளப் அழைத்தும் ஏன் போகவில்லை? ஊர்ப்பாசமா?

ஊர்ப்பாசம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிசிலியின் பலெர்மோ கிளப் கையெழுத்துக்கு மட்டும் 10,000 பவுண்டு தருவதாகச் சொன்னது. அதோடு மாதம் 130 பவுண்டு சம்பளம், போனஸ், வீடு, கார். அன்றைக்கு இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, சீசனில் வாரம் 14 பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 10,000 பவுண்டு, அவருடைய 13 ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம்.

ஃபின்னி போய்க் கேட்டார். கிளப் தலைவர் மறுத்துவிட்டார், பேச்சு அத்தோடு முடிந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவை கிளப்பே கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. கிளப் விடாவிட்டால் வேறெங்கும் லீகில் ஆட முடியாது. அவர் ஊரை நேசித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் போகவா இருக்கவா என்று முடிவெடுக்கும் உரிமையே அவரிடம் இல்லை. அதை மறைத்துவிட்டு 'விசுவாசம்' என்று மட்டும் பாராட்டுவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். சம்பள வரம்பு 1961இல் நீங்கியது. ஃபின்னி ஓய்வு பெற்றது 1960இல்!

இவ்வளவு பெரியவர், பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லையாமே?

உண்மை. லீகின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷன் பட்டம் மட்டும் 1951இல் கிடைத்தது. மேல் அடுக்கான முதல் டிவிஷனில் 1953இல் பிரெஸ்டனும் ஆர்செனலும் சமமாக 54 புள்ளிகள். கோல் சராசரியில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கு) நூலிழையில் பட்டம் கைநழுவியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம் கிளப்பிடம் 3-2 என்று தோல்வி. 1958இல் லீகில் மறுபடி இரண்டாமிடம். ஆனாலும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1954, 1957 என இருமுறை அவரிடம் வந்தது.

இரண்டாம் உலகப் போரால் எத்தனை வருடம் போயிற்று?

முதல் லீக் ஆட்டம் ஆடும்போது வயது 24. அதற்கு முந்தைய வருடங்களில் பிரிட்டனின் எட்டாம் படையில் எகிப்திலும் இத்தாலியிலும் இருந்தார், டாங்கி ஓட்டினார்.

நீர் தெறிக்கும் ஃபின்னி சிலை ஒன்று இருக்கிறதாமே?

1956இல் செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் மழைநீர் தேங்கிய தரையில் ஃபின்னி சறுக்கிச் செல்லும் புகைப்படம்தான் மூலம். சிலை பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. இருபுறமும் தண்ணீர் விசிறியடிக்கும். போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஆடவே இல்லையா?

1963இல் ஒருமுறை ஆடினார். 41 வயதில், வட அயர்லாந்தின் டிஸ்டில்லரி கிளப்புக்காக, ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் இறங்கினார். எதிரே அந்தக் கோப்பையை இருமுறை வென்ற போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகா. ஆட்டம் 3-3 என்று டிராவில் முடிந்தது. பிறகு பிளம்பிங் தொழில், பிரெஸ்டன் கிளப்பின் தலைவர் பதவி, 1998இல் 'சர்' பட்டம். 2014 பிப்ரவரியில் 91 வயதில் காலமானார். அவர் விலகிய மறு ஆண்டே பிரெஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு அந்த மேல்தட்டுக்குத் திரும்பவே இல்லை.