முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அடுத்த ஊசி போடலாமா?

கேள்வி: ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்ட கால் மணி நேரத்தில் என் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. மருந்து கொடுத்ததும் அடங்கியது. முட்டையும் அவளுக்கு ஆகாது. அடுத்த தவணைக்கு நர்ஸம்மா கூப்பிடுகிறார், மாமியார் வேண்டாம் என்கிறார். என்ன செய்ய? - ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: ஊசியை நிறுத்தவும் வேண்டாம், யோசிக்காமல் போடவும் வேண்டாம். முதலில் அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள் தாயி. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஒரு வாரம் கழித்து காய்ச்சல், லேசான சிவப்புப் பொரி, இதெல்லாம் இந்த ஊசிக்கு வழக்கம்தான், அலர்ஜி இல்லை. ஆனால் சில நிமிடங்களிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் விசாரித்தே ஆகவேண்டும்.

முட்டையை விட்டுவிடுங்கள், இந்த ஊசிக்கு அது தடையே இல்லை. சந்தேகப்பட வேண்டியது இதிலுள்ள ஜெலட்டினையும் (ஜெல்லி மிட்டாயிலும் சேர்க்கும் பசைப்பொருள்) நியோமைசினையும் (கிருமிக்கொல்லி மருந்து). ஜெல்லி மிட்டாய் தின்று அவளுக்கு வாய் அரித்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். தோல் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவில் முதலில் கேளுங்கள். தடுப்பூசி அட்டை, தடிப்பைப் போட்டோ எடுத்திருந்தால் அதுவும், எடுத்துப் போங்கள்.

எந்த ஊசிக்குப் பிறகும் தடிப்போடு மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின்தான் மருந்து.