பாட்டு வகுப்பும் கணக்குப் பாடமும்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் இசை ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாகத் தொடங்கப்பட்ட இசை வகுப்பின் துண்டறிக்கையில், இசை கற்கும் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் கூடும், கணக்கு நன்றாக வரும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறாள். பாட்டு வகுப்பில் சேர்த்தால் பயன் இருக்குமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: கணக்குக்காக மட்டுமே என்றால், அந்தக் கட்டணத்தைக் கணக்கு சொல்லித் தரும் ஒருவரிடம் கொடுப்பதே முறை. பாட்டு சொல்லித் தந்து பிழைக்கும் நானே இப்படிச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தத் துண்டறிக்கை வாக்கியம் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று தெரிந்தால் வியப்பு நீங்கிவிடும்.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்கச் செய்து, பிறகு வடிவங்களை மனத்தில் மடித்தும் விரித்தும் பார்க்க வேண்டிய சில புதிர்களைக் கொடுத்தார்கள். இசை கேட்டபின் அவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்குள் அந்தக் கூடுதல் மறைந்தும் போயிற்று. அந்த ஆய்வில் குழந்தைகள் இல்லை. யாரும் இசை கற்கவும் இல்லை. இருந்தும், 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் தம் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்று முன்மொழியும் அளவுக்கு அந்தச் செய்தி ஊதிப் பெருத்தது. உங்கள் கைக்கு வந்த துண்டறிக்கை அதன் பேரப்பிள்ளைதான்.

உண்மையாகவே குழந்தைகளுக்கு இசை சொல்லிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2004இல் வெளியான டொரண்டோ ஆய்வில், ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம் என ஒரு பள்ளி ஆண்டுக் காலம் கற்பித்தார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் கற்பிக்கவில்லை. பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு என்பதால் எல்லாக் குழந்தைகளின் அறிவுத்திறன் எண்ணும் உயர்ந்தது. இசை கற்றவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளிகளும் மற்றவர்களுக்கு 4 புள்ளிகளை ஒட்டியும் கூடின. இடைப்பட்ட வேறுபாடு மூன்று புள்ளிகூட இல்லை. பழகும் முறையில் முன்னேறியவர்களோ நாடகம் கற்ற குழந்தைகள். பின்னர் 2020இல், ஏறத்தாழ 7,000 குழந்தைகளை உள்ளடக்கிய 54 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோது, எந்த ஆய்வு எவ்வளவு கட்டுக்கோப்பாக நடத்தப்பட்டதோ அவ்வளவுக்கு அதில் கண்ட பலன் சுழியை நெருங்கியது தெரியவந்தது. பாட்டு வகுப்புக்கு வரும் குழந்தைகள் நன்றாகப் படிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரம் இரண்டு நாள் தவறாமல் அழைத்து வந்து வாசலில் காத்திருக்கும் பெற்றோர், வீட்டுப் பாடத்தையும் கவனிக்கும் பெற்றோராகவே இருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் மகளைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சேருங்கள், ஆனால் காது பழகுவதற்காகச் சேருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பித்து, அவர்களின் மூளை நெருங்கிய பேச்சொலிகளை எவ்வளவு கூர்மையாகப் பிரித்தறிகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஓராண்டு கற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கற்றவர்களிடம் தெரிந்தது. 2014இல் வந்த இந்த முடிவில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாம் ஆண்டுதான், ஏனெனில் என் வகுப்பிலும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுருதி காதில் உட்கார அவ்வளவு காலம் பிடிக்கிறது. லகர, ளகர, ழகரங்களையும் னகர, ணகரங்களையும் பாட்டில் நீட்டிப் பாடும்போது பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. பாட்டின் சொற்களைத் திருத்திப் பாடவைக்கும் ஆசிரியர் கிடைத்தால், மொழிப் பாடத்தின் ஒரு பகுதி அங்கேயே நடந்துவிடுகிறது.

கேள்வி: ஏழு வயது மகன் எட்டு மாதமாகச் சரளி வரிசையிலும் ஜண்டை வரிசையிலுமே (சுரங்களை மட்டும் பாடும் தொடக்கப் பாடங்கள்) இருக்கிறான். சலித்துப்போய் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுகிறான். நேராகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஏன் எல்லாரும் இதே வரிசையில்தான் தொடங்க வேண்டும்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: இந்தப் பாட முறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள நுட்பத்தை, நாற்பது வயதில் நானே பாடம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன். அந்த ராகத்தில் ச ரி க ம என்ற கீழ்ப்பாதியும் ப த நி ச என்ற மேற்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை: முதலில் ஓர் அரைச்சுர இடைவெளி, அடுத்து மூன்று அரைச்சுரம் தாண்டும் பெரிய இடைவெளி, மீண்டும் ஓர் அரைச்சுரம். கீழே ஒரு முறை கற்றதைக் குழந்தை மேலே சென்று அப்படியே திரும்பச் செய்கிறது. ரிஷபத்துக்கும் (ரி) காந்தாரத்துக்கும் (க) இடையே தூரம் மிகுதி என்பதால் ஒன்றை மற்றொன்றாக மயங்கவும் வழியில்லை.

தாளத்தையும் பாருங்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) எட்டு எண்ணிக்கை. முதல் சரளி வரிசையில் ஏறுமுகம் எட்டு சுரம், இறங்குமுகம் எட்டு சுரம். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், அது இரண்டு ஆவர்த்தனம், இரண்டாம் காலத்தில் ஒன்று, மூன்றாம் காலத்தில் பாதி. ஆகவே மூன்றாம் காலத்தில் இரண்டு முறை பாடினால்தான் தாளம் நிறைவுறும். கை ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்க, வாய் மட்டும் இரட்டிக்கிறது. கையையும் வாயையும் இப்படிப் பிரித்துச் செலுத்தக் குழந்தைக்கு வேறு எந்தப் பாடமும் இவ்வளவு சிக்கனமாகக் கற்றுத் தருவதில்லை. ஜண்டை வரிசையில் இரட்டைச் சுரத்தின் இரண்டாம் சுரத்துக்குக் கொடுக்கும் அழுத்தம், பின்னாளில் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் நயத்துக்கு, தொண்டையைப் பதப்படுத்துகிறது. ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரப் பாடங்களுக்கு வந்ததும் ஆறு, ஏழு, பத்து, பதினான்கு என்று எண்ணிக்கை மாறி மாறி வர, விளையாட்டுக் களை தானாகவே வந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், குற்றம் உங்கள் மகனுடையது அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. எட்டு மாதம் சுரத்தை மட்டும் பாடி, ஒரு பாட்டுக்கூடத் தெரியாமல் வீடு திரும்பும் குழந்தை வேறு என்ன செய்யும்? வரிசைகள் நடக்கும்போதே, ஒரு சிறிய திருப்புகழோ தேவாரப் பதிகமோ நாட்டுப்புறப் பாட்டோ பக்கத்தில் நடக்கலாம்; திரைப்பாட்டும் தீட்டு அல்ல. குருகுல வாசத்தில் மாணவன் நாள் முழுக்க ஆசிரியர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி ஞானத்தின் நடுவே சரளி வரிசை சலிக்கவில்லை. இன்று வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம். ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். வீட்டுச் சாதகம் (பயிற்சி) இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த இருபது நிமிடமும் நீங்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அருகில் அமர்ந்து தாளம் போடுங்கள். உங்கள் தாளம் தவறினால் அவனே திருத்துவான். அதன் பிறகு அழுகை நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. வீணையா, வயலினா, கீபோர்டா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: முதலில் வாய்ப்பாட்டு. ஓராண்டு பாடிய குழந்தைக்கு எந்தக் கருவியும் எளிது. வீணை ஐந்து வயதுக் கைக்குப் பெரிது. வயலினில் கால், அரை, முக்கால் அளவுக் கருவிகள் கிடைக்கின்றன. கையை அளந்து பார்த்து வாங்குங்கள், வளர்ந்த பிறகு உதவும் என்று பெரியதாக வாங்க வேண்டாம். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சரியான சுரம் ஒலித்துவிடும். சுரத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை காதுக்கு இல்லாமல் போகிறது. கமகமும் அதில் எளிதாக வராது. மேலை இசை கற்பதாக இருந்தால் அது நல்ல கருவி.

கேள்வி: என் மகளுக்குச் சுருதி சேரவில்லை, அவளுக்குப் பாட்டு வராது என்று ஒரு வகுப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வயதுக் குழந்தை அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. (பெயர் வெளியிட விரும்பாத தாய், திருப்பூர்)

பதில்: படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. இசையின் ஏற்ற இறக்கம் பிறவியிலேயே காதுக்கு எட்டாதவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலரே. நம் வகுப்புகளில் சுருதி சேராத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காதில் குறை இல்லை. வகுப்பின் சுருதி அவர்கள் குரலுக்குப் பொருந்துவதில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் பத்துப் பேர் பாட, நான்கு கட்டைக் குரல் கொண்ட குழந்தை மேல் ஷட்ஜத்தில் (மேல் ச) கத்துகிறது அல்லது இறங்கிவிடுகிறது. சுருதிப் பெட்டியில் ஒவ்வொரு கட்டையாக வைத்து, எங்கே அவள் சிரமமின்றி முணுமுணுக்கிறாள் என்று வீட்டிலேயே கண்டுபிடியுங்கள். அந்தச் சுருதியில் ஒரு மாதம் ச, ப, மேல் ச மூன்றை மட்டும் அகாரமாக ('ஆ' என்று) நீட்டிப் பாடட்டும், நீங்களும் உடன் பாடுங்கள். உங்களுக்கும் பாட வராது என்றால் இன்னும் நல்லது. அவளுக்குக் கூச்சம் குறையும். சளி, காதில் சீழ் அடிக்கடி உண்டென்றால் மட்டும் காது மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது மகனின் குரல் திடீரென்று உடைந்துவிட்டது. ஆறு ஆண்டுக் கல்வி வீணா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: மகரக்கட்டு எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான். குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பழைய சுருதி எட்டாது, புதிய சுருதி இன்னும் நிலைக்கவில்லை. சில மாதங்கள் முதல் ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பாட்டை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. வசதியான தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடலாம், மேல் ஸ்தாயியை (உயர்ந்த சுரங்களை) வற்புறுத்தக் கூடாது, போட்டி மேடை வேண்டவே வேண்டாம். என் மாணவர்கள் சிலர் இந்த இடைவெளியில்தான் மிருதங்கம் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் திரும்பிப் பாட்டுக்கு வரவே இல்லை. இன்று நன்றாக வாசிக்கிறான்.

கேள்வி: கூலி வேலை செய்கிறோம். மகளுக்குப் பாட்டில் ஆசை. கட்டண வகுப்புக்கு வழியில்லை. (ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களில் விடுமுறை நாட்களில் பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைக் கற்பிக்கிறார்கள். 12 வயது ஆனபின் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேரலாம். மாநிலத்தில் 17 பள்ளிகள் உள்ளன. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. நாதசுரம், தவில், தேவாரம் ஆகிய பிரிவுகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். தேவார வகுப்பைச் சிறிது என்று எண்ண வேண்டாம். பண்ணோடு நூறு பதிகம் பாடிய பெண்ணுக்குக் குரலும் தமிழும் சேர்ந்தே திருந்தும். அதுவரை, ஊர்க் கோயிலில் ஓதுவார் இருந்தால் மாலைப் பூசை நேரத்தில் மகளை அழைத்துச் சென்று அருகில் நிற்க வையுங்கள். பிள்ளை கூடவே பாடினால் கோபிக்கும் ஓதுவாரை நான் இதுவரை பார்த்ததில்லை.